பம்ப்செட்டுக்குக் கெபாசிட்டர்: ஏன், எவ்வளவு, எங்கே?

பங்குனி பிறந்து கிணறுகளில் நீர்மட்டம் இறங்கத் தொடங்கும் நேரத்தில்தான் மோட்டார்கள் அதிகமாக எரிகின்றன. கரும்புக்கும் வாழைக்கும் தண்ணீர் கட்டியே ஆகவேண்டிய காலம் அது. மும்முனை மின்சாரம் வந்ததும் வட்டாரத்திலுள்ள எல்லாக் கிணறுகளிலும் ஒரே சமயத்தில் மோட்டார்கள் ஓடத் தொடங்குகின்றன. வோல்ட் மீட்டரின் முள் 415-ல் நிற்பதற்குப் பதில் 350, 340 என்று சரிகிறது. மோட்டார் முனகுகிறது. தண்ணீர் பாதியாகிறது. இரண்டு நாளில் ஒருவர் மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டும் கடைக்கு எடுத்துச் செல்கிறார். அடுத்த வாரம் டிரான்ஸ்பார்மரே புகைந்துவிடுகிறது. மாற்று டிரான்ஸ்பார்மர் வரும்வரை பத்துப் பன்னிரண்டு கிணறுகளின் பயிர் வானத்தைப் பார்த்து நிற்க வேண்டியதுதான். நெல் பொதி கட்டும் பருவமாக இருந்தால் நஷ்டத்தைச் சொல்லவேண்டியதில்லை.

இதற்கெல்லாம் ஒரே காரணம் என்று எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் விவசாயியின் கைக்கு எட்டிய, செலவு குறைந்த பரிகாரம் ஒன்று உண்டு. அதுதான் கெபாசிட்டர். வயரிங் வேலை செய்பவர்கள் இதைக் கண்டென்சர் என்பார்கள். பள்ளிப் புத்தகத்தில் மின்தேக்கி. புதிய இணைப்பு தரும்போது இது பொருத்தப்பட்டிருக்கிறதா என்று மின்வாரியம் பார்ப்பதால், பலரும் அன்றைக்கு ஒன்றை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். பிறகு அது வேலை செய்கிறதா, செத்துவிட்டதா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பழுதானதைக் கழற்றிவிட்டு வெறும் வயரை டேப் சுற்றி விட்டிருக்கும் மோட்டார் அறைகள் ஏராளம்.

"கரண்டே இலவசம். இதுக்கு எதுக்குங்க காசு போட்டு டப்பா மாட்டணும்?" என்று கேட்கும் விவசாயிகள் உண்டு. நியாயமான கேள்விதான். தமிழகத்தில் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. அரிசி ஆலைக்காரர் பவர் பாக்டர் குறைந்தால் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டியிருப்பதால் கெபாசிட்டரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக் கொள்கிறார். விவசாயிக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் காயில் கட்டும் கூலி இலவசமில்லை. வாடிய பயிருக்கும் யாரும் விலை தருவதில்லை. கெபாசிட்டரின் பயனை மின்கட்டணத்தில் தேடாமல் இங்கேதான் தேட வேண்டும்.

கைமாற்றுக் கணக்கு

மோட்டார் இரண்டு காரியங்களுக்காக மின்சாரத்தை இழுக்கிறது. ஒன்று, தண்ணீரை மேலே தூக்குவது. இது செலவாகும் மின்சாரம். மீட்டரில் யூனிட்டாக ஏறுவது இதுவே. மற்றொன்று, மோட்டாருக்குள் காந்த சக்தியை உண்டாக்குவது. காந்தம் இல்லாமல் மோட்டார் சுற்றாது. ஆனால் காந்தத்துக்காக வாங்கிய மின்சாரம் செலவாவதில்லை. வாங்கிய கையோடு மோட்டார் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மறுபடி வாங்குகிறது, மறுபடி கொடுக்கிறது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று கொண்டது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வீதம் விநாடிக்கு 100 முறை இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது.

ஆக, இது கடன்கூட இல்லை, வெறும் கைமாற்று. வட்டியும் கிடையாது. அப்படியானால் யாருக்கு என்ன நஷ்டம்? கைமாற்று கொடுப்பவர் பக்கத்து வீட்டில் இருந்தால் நஷ்டமில்லைதான். அவர் நாலு மைலுக்கு அப்பால் இருந்தால்? ஒவ்வொரு முறையும் நடந்து போய் வாங்கி, நடந்து போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும். பணம் குறையாது, கால் தேயும். மோட்டார் வாங்கும் கைமாற்று டிரான்ஸ்பார்மரிலிருந்தும் அதற்கும் அப்பாலிருந்தும் வருகிறது. இடையிலுள்ள கம்பிகள் இந்தப் போக்குவரத்தையும் சுமந்து சூடாகின்றன. செலவாகும் மின்சாரத்துக்கு வேண்டிய இடத்தை இது அடைத்துக்கொள்கிறது.

கெபாசிட்டர் என்பது மோட்டாருக்குப் பக்கத்து வீட்டிலேயே குடிவைக்கப்படும் கைமாற்றுக்காரர். மோட்டார் திருப்பித் தரும் நேரத்தில் கெபாசிட்டர் வாங்கி வைத்துக்கொள்கிறது. மோட்டாருக்கு வேண்டிய நேரத்தில் கொடுக்கிறது. இருவரின் நேரமும் அப்படியே நேர் எதிராக அமைந்திருப்பது இயற்கையின் ஏற்பாடு. அந்த அளவுக்கு நெடுந்தூரக் கம்பிகளில் நடமாட்டம் குறைந்துவிடுகிறது.

மொத்தம் இழுக்கும் மின்சாரத்தில் செலவாகும் பங்கு எவ்வளவு என்பதைக் காட்டும் எண்ணுக்குத்தான் பவர் பாக்டர் என்று பெயர். எல்லாமே செலவாகும் மின்சாரமாக இருந்தால் அது 1. நல்ல நிலையிலுள்ள 5 குதிரைத்திறன் மோட்டார் முழுப் பளுவில் ஓடும்போது சுமார் 0.8. 5 குதிரை போதும் என்ற கிணற்றில் 7.5 குதிரை மோட்டாரை இறக்கினால் பளு போதாமல் இந்த எண் இன்னும் கீழே போகும். காந்தத்துக்கு வேண்டியது பளு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்பதே காரணம். "பெரிய மோட்டாராகப் போட்டால் கெட்டியாக இருக்கும்" என்ற எண்ணம் இந்த வகையில் தவறு.

வயல் மூலையில் ஒரு கணக்கு

5 குதிரை மோட்டாரை எடுத்துக்கொள்வோம். தண்டில் 3.73 கிலோவாட் வேலை கொடுக்க, அது மின்சாரமாக சுமார் 4.6 கிலோவாட் வாங்குகிறது. பவர் பாக்டர் 0.8 என்றால் ஒவ்வொரு பேஸிலும் 8 ஆம்பியர் ஓடும். இந்த 8-ல் தண்ணீர் இறைக்கும் பங்கு 6.4 ஆம்பியர், காந்தத்துக்கான பங்கு 4.8 ஆம்பியர். இரண்டையும் கூட்டினால் 11.2 வருகிறதே, 8 எப்படி என்று கேட்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை. ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றது பூஜ்யத்தில் இருக்கிறது. ஆகவே நேராகக் கூட்டக்கூடாது.

மூலைமட்டம் சரியாக உள்ள ஒரு வயலை நினைத்துக்கொண்டால் விளங்கும். ஒரு வரப்பு 64 அடி, அதற்குச் செங்குத்தான மற்றொரு வரப்பு 48 அடி என்றால், குறுக்கே மூலைக்கு மூலை கயிறு பிடித்தால் 80 அடி வரும். 6.4-ம் 4.8-ம் சேர்ந்து 8 ஆவது இந்தக் குறுக்குக் கயிற்றுக் கணக்குதான்.

இப்போது 2 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர் ஒன்றை மாட்டுவோம். 415 வோல்ட்டில் அது 2.8 ஆம்பியர் அளவுக்குக் காந்தப் பங்கைத் தானே கவனித்துக்கொள்ளும். 4.8-ல் 2.8 போக மீதி 2. இரண்டாவது வரப்பு 48 அடியிலிருந்து 20 அடியாகக் குறுகிவிட்டது. குறுக்குக் கயிறு 67 அடி. அதாவது டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் கம்பியில் 8 ஆம்பியருக்குப் பதில் 6.7 ஆம்பியர் ஓடும். பவர் பாக்டர் 0.95-ஐ எட்டிவிடும். தண்ணீர் இறைக்கும் 6.4 ஆம்பியர் அப்படியே இருக்கிறது. அதில் ஒன்றும் குறையவில்லை.

8-க்கும் 6.7-க்கும் பெரிய வித்தியாசமா என்று தோன்றலாம். கம்பியில் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. 8-ன் வர்க்கம் 64, 6.7-ன் வர்க்கம் சுமார் 45. எனவே கம்பியில் வீணாகும் மின்சாரம் கிட்டத்தட்ட 30 சதவிகிதம் குறைகிறது.

ஒருவர் மட்டும் மாட்டினால் போதுமா?

ஒரு மோட்டாரை வைத்துப் பார்த்தால் இதன் பலன் கண்ணுக்குத் தெரியாது. ஒரு டிரான்ஸ்பார்மரையே வைத்துப் பார்க்க வேண்டும்.

63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்று பேஸுக்கு 84 ஆம்பியர் தாங்கும். அதில் 5 குதிரை மோட்டார்கள் 12 ஒரே நேரத்தில் ஓடினால் 96 ஆம்பியர். தாங்கும் அளவை விட 12 ஆம்பியர் கூடுதல். சுருளில் ஏறும் சூடோ சுமார் 30 சதவிகிதம் கூடுதல். கோடை வெயிலும் சேர்ந்துகொண்டால் எண்ணெய் கொதிக்காமல் என்ன செய்யும்? அதே 12 மோட்டார்களிலும் கெபாசிட்டர் இருந்தால் 80 ஆம்பியர்தான். டிரான்ஸ்பார்மர் தன் அளவுக்குள் வந்துவிடுகிறது. புதிதாக எதையும் கேட்டு மனுப் போடாமல், இருப்பதை வைத்தே கிடைத்த விடுதலை இது.

கம்பியின் கதை இன்னும் சுவையானது. டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 'வீசல்' என்ற வகை அலுமினியக் கம்பி போய், அதன் கடைசியில் 6 மோட்டார்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 48 ஆம்பியர் ஓடும்போது கம்பியிலேயே சூடாகி வீணாவது ஏறக்குறைய 6.4 கிலோவாட். 5 குதிரை மோட்டார் ஒன்று வாங்குவதே 4.6 கிலோவாட்தான். அதாவது, ஆறு மோட்டார் ஓட்டுவதற்காக ஏழாவதாக ஒரு பெரிய மோட்டாரைக் கம்பிக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அது ஒரு சொட்டுத் தண்ணீரும் இறைப்பதில்லை. கெபாசிட்டர் இருந்தால் இந்த வீண் 4.5 கிலோவாட்டாகக் குறையும்.

வோல்டேஜைப் பொறுத்தவரை உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இதே கம்பியில் கடைசிக் கிணற்றுக்குப் போய்ச் சேரும்போது சுமார் 80 வோல்ட் குறைகிறது. கெபாசிட்டர்கள் இருந்தால் 70 வோல்ட் குறையும். லாபம் 10 வோல்ட். 340-ல் திணறும் மோட்டாருக்கு 350 என்பது ஓரளவு மூச்சு விடும் இடம்தானே தவிர, முழு நிவாரணம் அல்ல. உயரழுத்த மின்பாதையிலேயே வோல்டேஜ் குறைந்து வந்தால் கெபாசிட்டரால் அதைச் சரிசெய்ய முடியாது. அதற்கு மின்வாரியம்தான் வழி செய்ய வேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. கெபாசிட்டரின் சக்தியும் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தே இருப்பதால், 340 வோல்ட்டில் 2 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர் 1.3 அளவுக்குத்தான் வேலை செய்யும். உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதன் கை சற்றுச் சுருங்கிவிடுகிறது.

மேலே சொன்ன கணக்குகளில் முக்கியமான ஒரு விஷயம் மறைந்திருக்கிறது. 12 பேரில் ஒருவர் மட்டும் கெபாசிட்டர் மாட்டினால், டிரான்ஸ்பார்மரில் குறைவது ஒன்றரை ஆம்பியருக்குச் சற்று மேல்தான். காசு அவருடையது, பலன் பன்னிரண்டாகப் பிரிந்து, எவருக்கும் தெரியாத அளவுக்குப் போய்விடும். "நான் மாட்டினேன், ஒன்றும் பிரயோசனமில்லை" என்று அவர் சொல்வதிலும் பொய்யில்லை. வாய்க்காலில் தன் வயலுக்கு முன்னால் மட்டும் ஒருவர் தூர் வாரினால் தண்ணீர் வந்துவிடுமா? தலைமடையிலிருந்து கடைமடைவரை எல்லாரும் ஒரே வாரத்தில் மண்வெட்டியைத் தூக்கினால்தான் வரும். குடிமராமத்துக்குப் பழகிய ஊர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ளவர்கள் ஒரு நாள் மாலை கூடிப் பேசி, மொத்தமாக வாங்கி, ஒரே எலக்ட்ரீஷியனை வைத்து இரண்டு நாளில் மாட்டி முடித்துவிடலாம். மொத்தமாக வாங்கினால் விலையிலும் ஏதாவது குறையும். ஆந்திரப் பிரதேசத்தில் 2004-ல் இலவச மின்சாரம் அறிவிக்கப்பட்டபின், கெபாசிட்டர் பொருத்துவதையும் அதற்கான நிபந்தனைகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள். தனித்தனியாக விட்டால் நடக்காது என்பது அரசுகளுக்கும் தெரிந்தே இருக்கிறது.

துணைமின் நிலையத்தில் மின்வாரியமே பெரிய கெபாசிட்டர்களை வைத்திருக்கிறதே, அது போதாதா என்று விவரம் தெரிந்த சிலர் கேட்பதுண்டு. அது துணைமின் நிலையத்துக்கு அப்பால் உள்ள பாதைகளுக்குத்தான் உதவும். அங்கிருந்து கிணற்றுமேடு வரையுள்ள கம்பிகளும், நடுவிலுள்ள டிரான்ஸ்பார்மரும் முழுச் சுமையையும் சுமந்துகொண்டுதான் இருக்கும். கைமாற்றுக்காரர் எவ்வளவு அருகில் இருக்கிறாரோ அவ்வளவுக்கு நடை மிச்சம்.

காயில் கடையில் தொடங்கும் வினை

வோல்டேஜ் 340-க்கு இறங்கினால் 5 குதிரை மோட்டார் அதே தண்ணீரை இறைக்க 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். காயிலில் சூடு கால் பங்குக்கு மேல் கூடிவிடும். தொடர்ந்து இப்படி ஓடினால் இன்சுலேஷன் கருகி மோட்டார் எரிவது நிச்சயம். இரண்டு முறை எரிந்த பிறகு விவசாயி காயில் கட்டுபவரிடம், "லோ வோல்டேஜுக்குத் தாங்குகிற மாதிரிக் கட்டிக் கொடுங்கள்" என்று சொல்லிவிடுகிறார். அவரும் சுற்றுகளைக் குறைத்து, தடிமனான கம்பியில் கட்டித் தருகிறார். மோட்டார் 330 வோல்ட்டிலும் ஓடுகிறது. விவசாயிக்குத் திருப்தி.

ஆனால் சுற்றுகள் குறைந்த மோட்டார் காந்தத்துக்காக இன்னும் அதிக மின்சாரம் இழுக்கும். பவர் பாக்டர் சரிகிறது. லைனில் வோல்டேஜ் மேலும் இறங்குகிறது. பக்கத்துக் கிணற்று மோட்டார் எரிகிறது. அவரும் அதே கடைக்கு, அதே மாதிரிக் கட்டச் சொல்லிப் போகிறார். இப்படி ஒருவர் பின் ஒருவராக ஊர் முழுவதும் மாறிய பிறகு, முதலில் மாற்றியவருக்கும் பழையபடி திணறல்தான் மிச்சம். இரவில் எல்லாரும் மோட்டாரை நிறுத்தி வோல்டேஜ் ஏறும் சமயத்தில் ஒருவர் மட்டும் ஓட்டினால், குறைந்த வோல்டேஜுக்குக் கட்டிய அந்தக் காயில் அதனாலேயே எரிவதும் உண்டு. காயில் கட்டும்போது கம்பெனி கொடுத்த சுற்று எண்ணிக்கையையும் கம்பியின் கேஜையும் மாற்றாமல் கட்டச் சொல்வதே நல்லது.

எவ்வளவு, எங்கே, எப்படி?

பாசன மோட்டார்களுக்கு வழக்கமாகச் சிபாரிசு செய்யப்படும் அளவு இது: 3 குதிரைக்கு 1 கே.வி.ஏ.ஆர்., 5 குதிரைக்கு 2, 7.5 குதிரைக்கு 3, 10 குதிரைக்கு 4, 15 குதிரைக்கு 5. மூன்று பேஸ் கெபாசிட்டராக, 415 அல்லது 440 வோல்ட் என்று அச்சிட்டதாக, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக வாங்க வேண்டும்.

பெரிதாக மாட்டினால் இன்னும் நல்லதுதானே என்று நினைப்பது ஆபத்து. மின்சாரம் போன பிறகும் மோட்டார் சில கணங்கள் சுழன்றுகொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் கெபாசிட்டர் தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால், அது கொடுக்கும் கைமாற்றில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிவிடும். வோல்டேஜ் தாறுமாறாக ஏறிக் காயிலையும் கெபாசிட்டரையும் கெடுக்கும். மேலே சொன்ன அளவுகள் அந்த எல்லைக்கு உட்பட்டவை. அடுத்தவர் கழற்றிப் போட்டதைச் சும்மா கிடைத்தது என்று மாட்டுபவர்கள், அதன் தகட்டில் எழுதியிருக்கும் அளவை முதலில் படிக்க வேண்டும்.

பொருத்தும் இடம் முக்கியம். ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்கள் எங்கே முறுக்கப்பட்டிருக்கின்றனவோ அந்தப் பக்கத்தில் கெபாசிட்டரின் மூன்று வயர்களையும் கொடுக்க வேண்டும். அப்போதுதான் மோட்டார் ஓடும்போது அதுவும் இணையும், நிற்கும்போது விலகும். மெயின் ஸ்விட்ச் பக்கம் கொடுத்துவிட்டால் மோட்டார் ஓடாத நேரத்திலும் கெபாசிட்டர் லைனில் இருந்துகொண்டே இருக்கும். பளுவே இல்லாத இரவில் இதனால் வோல்டேஜ் வேண்டாத அளவு ஏறும். கெபாசிட்டரும் சீக்கிரம் கெடும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டராக இருந்தால் மோட்டாருக்கு ஆறு வயர்கள் போகும். அதில் எந்த மூன்றில் கொடுப்பது என்பது அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை. நாமே கை வைக்கக் கூடாது.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலேக்குப் பிறகு கெபாசிட்டர் இணைக்கப்பட்டால், ரிலேயின் வழியாகப் போவது 6.7 ஆம்பியர்தான், மோட்டாருக்குள் போவதோ பழையபடி 8 ஆம்பியர். ரிலேயை 8-லேயே விட்டுவைத்தால், மோட்டார் 9 ஆம்பியருக்கு மேல் இழுத்துச் சூடாகும்போதும் ரிலே "எல்லாம் சரி" என்று சும்மா இருக்கும். எனவே கெபாசிட்டர் பொருத்திய அன்றே ரிலேயின் அளவைக் குறைத்து வைக்க வேண்டும். கெபாசிட்டர் கெட்டுப்போய்க் கழற்றினால் மறக்காமல் பழைய அளவுக்கு ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் அடிக்கடி விழும்.

கெபாசிட்டரின் உடலுக்குக் கட்டாயம் எர்த் கொடுக்க வேண்டும். காற்றோட்டமுள்ள நிழலில், ஸ்டார்ட்டருக்குச் சற்றுத் தள்ளிச் சுவரில் மாட்டலாம். ஓலைக் கொட்டகையில் வெயில் நேராக விழும் பக்கம் வேண்டாம். சூடுதான் இதற்கு முதல் எதிரி.

மோட்டாரை நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும். தங்கிய மின்சாரம் தானே வடிவதற்காக உள்ளே ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அது கெட்டிருந்தால் வடியாது. மெயினை நிறுத்தி ஐந்து நிமிடம் பொறுத்து, டெஸ்ட் லாம்பு வைத்துப் பார்த்த பிறகே முனைகளைத் தொட வேண்டும். ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் மின்சாரம் வந்த கையோடு மோட்டார் ஓடும்படி வைக்காமல், சில நிமிடம் தாமதித்து ஓடும்படி வைத்துக்கொள்வது பல வகையில் நல்லது. கெபாசிட்டரில் மிச்சமுள்ள மின்சாரமும் வடிந்துவிடும். ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ளவர்கள் ஆளுக்கொரு தாமதமாக வைத்துக்கொண்டால், பன்னிரண்டு மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பி லைனைக் கீழே இழுப்பதும் தவிர்க்கப்படும்.

பெயர் ஒன்று, வேலை வேறு

கண்டென்சர் என்றதும் பலருக்கு நினைவு வருவது, மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் இரண்டு பேஸில் மோட்டாரை ஓட்டப் போடுகிறார்களே, அந்தப் பெட்டிதான். இங்கே சொல்லப்படுவது அதுவல்ல. அது இல்லாத மூன்றாவது பேஸைப் பொய்யாக உண்டாக்கி மோட்டாரை ஏமாற்றி ஓட்டும் வித்தை. பளு முழுவதும் இரண்டு பேஸில் விழுவதால் மோட்டாரும் சூடாகும், டிரான்ஸ்பார்மரும் சூடாகும். வீடுகளின் விளக்கும் மங்கும். மின்வாரியம் இதை அனுமதிப்பதில்லை. பயிர் காயும்போது வேறு வழியின்றிச் செய்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதற்கான விலையைக் காயில் கடையில் கொடுத்துத் தீர வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குப் போடும் ஒற்றை பேஸ் மோட்டாரின் மேல் உட்கார்ந்திருக்கும் சிறு உருளையும் கெபாசிட்டர்தான். அது மோட்டார் கிளம்பவும் ஓடவும் தேவையான உறுப்பு. அதைக் கழற்றக்கூடாது.

சந்தையில் "இதை மாட்டினால் பாதி கரண்டு மிச்சம்" என்று விற்கும் பெட்டிகளும் உண்டு. திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு சிறிய கெபாசிட்டர். காந்தத்துக்கான கைமாற்று வீட்டு மீட்டரில் யூனிட்டாக ஏறுவதே இல்லை என்றபோது, அதைக் குறைத்து எப்படிப் பாதி யூனிட் மிச்சமாகும்? வாங்கி ஏமாற வேண்டாம்.

அதேபோல் பம்ப்செட்டில் கெபாசிட்டர் மாட்டினாலும் மோட்டாருக்குள் ஓடும் ஆம்பியர் குறையாது. கெபாசிட்டரிலிருந்து டிரான்ஸ்பார்மர் வரையுள்ள பகுதியில்தான் குறையும். ஆழ்குழாய்க் கிணற்றில் இறக்கிய நீர்மூழ்கி மோட்டாருக்குக் கெபாசிட்டர் மேலே ஸ்டார்ட்டர் பலகையில்தான் இருக்கும். குழிக்குள் இறங்கும் கேபிளில் பழைய ஆம்பியரே ஓடும். ஆகவே கெபாசிட்டரை நம்பி மெல்லிய கேபிள் வாங்கக் கூடாது. அடைத்துக்கொண்ட புட்வால்வு, தேவையில்லாத பெண்டுகள், சிறுத்த குழாய் ஆகியவற்றால் குறையும் தண்ணீரையும் இது மீட்டுத் தராது. அவை தனியாகக் கவனிக்க வேண்டியவை.

உயிரோடு இருக்கிறதா?

கெபாசிட்டர் செத்துப்போனால் மோட்டார் வழக்கம்போல ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. டப்பா வீங்கியிருந்தாலோ, எண்ணெய் கசிந்திருந்தாலோ, முனைகள் கருகியிருந்தாலோ சந்தேகப்படலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமானால், மோட்டார் ஓடும்போது எலக்ட்ரீஷியன் டாங் டெஸ்டரைக் கெபாசிட்டருக்குப் போகும் ஒவ்வொரு வயரிலும் மாட்டிப் பார்க்க வேண்டும். 2 கே.வி.ஏ.ஆர். என்றால் 415 வோல்ட்டில் மூன்று வயரிலும் 2.8 ஆம்பியர் அளவில் சமமாகக் காட்ட வேண்டும். வோல்டேஜ் குறைவாக இருந்தால் அதற்கேற்பக் குறையும். ஒரு வயரில் ஒன்றும் காட்டாவிட்டாலோ, மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டாலோ மாற்றிவிட வேண்டியதுதான். மழைக்காலம் முடிந்து இறைப்பு தொடங்கும் தை மாதத்தில், ஸ்டார்ட்டருக்குள் பல்லி, எறும்புக் கூடு பார்த்துச் சுத்தம் செய்யும்போதே இந்தச் சோதனையையும் முடித்துக்கொள்ளலாம். ஒரு மோட்டாருக்குக் கால் மணி நேரம் போதும். டிரான்ஸ்பார்மரில் உள்ள பன்னிரண்டு கிணறுகளையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு, எது சரி, எது போய்விட்டது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அடுத்த தைக்கு உதவும்.